நொய்யல் கரையில் மூடிக் கிடக்கும் சாயப்பட்டறை இடம்: எதுல இருந்து ஆரம்பிக்கறது?

கரைவழி:
வணக்கமுங்க. திருப்பூருக்குக் கிழக்கே ஆத்தை ஒட்டி 2 ஏக்கர் 40 செண்ட். 2011 ஜனவரி ஐகோர்ட் உத்தரவுல மூடுன பட்டறை, மறுபடி திறக்கவே இல்லை. குடோன் கட்டி வாடகைக்கு விடலாம், ஆத்தோரம் அரை ஏக்கர்ல மரம் வைக்கலாம்னு பங்காளிக பேசியிருக்கறோம்.

உள்ள இருக்கறது: சிமெண்ட் சீட்டுக் கூரை போட்ட ஷெட், மண்ணுக்குள்ள இறக்குன கலெக்‌ஷன் தொட்டி ரெண்டு, கசடு காய வெக்கற படுகை ஆறு (ஒவ்வொண்ணும் 6 மீட்டருக்கு 4 மீட்டர், ரெண்டடி ஒசரத்துக்குக் கசடு), 30-க்கு 20 மீட்டர்ல சோலார் பேன் (உப்புத் தண்ணியை வெயில்ல வத்த வெக்கற தொட்டி), ஒரு ரூம் நெறையப் பழைய பேரல், 60 அடிக் கெணறு, 600 அடி போர். ஜே.சி.பி.காரர் ரெண்டே நாள்ல எல்லாத்தையும் மட்டம் பண்ணி, மேல செம்மண் அடிச்சுத் தர்றேங்கறார். போதுமுங்களா?

கசடுக்கணக்கு:
ஜே.சி.பி.யை உள்ள விடாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

கணக்கைப் பாருங்க. 6 படுகை × 24 சதுர மீட்டர் × 0.6 மீட்டர் = 86 கன மீட்டர். ஈரத்தோட எடை போட்டா ஏறக்குறைய 100 டன். இது சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டுத் தெளிய வெச்ச கெமிக்கல் கசடு. 2016 அபாயக் கழிவு விதிகள்ல முதல் அட்டவணை, வரிசை 35.3. இப்ப அது படுகைக்குள்ள தனியா கிடக்குது, அள்ளி அனுப்பிடலாம். மண்ணோட சேத்துப் புரட்டிட்டா 100 டன் அபாயக் கழிவு 1000 டன் ஆயிடும். பிரிச்செடுக்க வழியே இல்லை. மூடுன பட்டறைகள்ல நடக்கற பெரிய தப்பு இதுதான். மட்டம் பண்ணதுக்கப்புறம் எடம் பார்க்க அழகாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு. அந்த 100 டன்ல 80 சதம் ஈரம்னு வெச்சுக்கோங்க, திடப்பொருள் 20 டன்தான். 50 சதம் ஈரத்துக்குக் காய வெச்சா மொத்த எடை 40 டன். குப்பைக் கூலி, வண்டி வாடகை ரெண்டுமே டன் கணக்கு. அதனால ஷெட்டுக்குள்ள, கான்கிரீட் தரை மேல, கனத்த பாலித்தீன் விரிச்சுப் பரப்பிக் காய வைங்க. வெட்டவெளியில வேண்டாம். காஞ்ச கசடு மாவு மாதிரி. ஆடிக் காத்துல ஊரு முழுக்கப் போகும்.

மேட்டுக்காடு:
கசடுக்கணக்கு சொன்னதுக்கு முன்னாடியே ஒரு வேலை இருக்குங்க: பேரல் ரூம். தொடறதுக்கு முன்ன வாசல்ல நின்னு போட்டோ எடுத்து, லேபிள் தெரியறது தெரியாததுன்னு ரெண்டாப் பிரிச்சு எழுதுங்க.

பயப்பட வேண்டியது நாலு. ஒண்ணு ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட் பொடி). ஈரம் பட்டாலே சூடேறிப் புகைஞ்சு தீப்பிடிக்கும், கந்தக வாடை தூக்கும். பேரல் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருந்தா அதை ஈரமில்லாத மணலால மூடி வைங்க. கொஞ்சமாத் தண்ணி தெளிக்கறது ரொம்பத் தப்பு. ரெண்டாவது, சோடியம் சல்பைடு. மேல ஆசிட் பட்டா ஹைட்ரஜன் சல்பைடு கெளம்பும். மூணாவது ஹைப்போ (வெளுக்கப் போடற சோடியம் ஹைப்போகுளோரைட்). இத்தனை வருசத்துல வீரியமெல்லாம் போயிருக்கும், ஆனாலும் ஆசிட்டோட சேர்ந்தா குளோரின். நாலாவது ஆரஞ்சு நெறத்துல படிகமா ஏதாச்சும் இருந்தா பைக்ரோமேட்டா இருக்கலாம். சல்பர் சாயம், வாட் சாயத்தை ஆக்சிடைஸ் பண்ண அந்தக் காலத்துல போட்டது. வெறுங்கையில தொடாதீங்க, கூட்டாதீங்க. அது ஆறு இணைதிறன் குரோமியம், புத்துநோய் வரவழைக்கறது.

ஆசிட் ஒரு மூலை, காரம் எதிர் மூலை, சல்பைடும் ஹைட்ரோஸும் ரெண்டும் தனித்தனி மூலை. பேரலுக்குக் கீழ தகரத் தட்டோ பிளாஸ்டிக் தொட்டியோ இருக்கணும். பழைய பேரல இரும்பு வாங்கறவருக்குக் கொடுத்துடாதீங்க. அவரு கேஸ் கட்டர் வெச்சு அறுப்பார்.

கலெக்‌ஷன் தொட்டிக்குள்ள ஆள் எறங்கக்கூடாது. மேல தெளிஞ்ச தண்ணி மாதிரி இருந்தாலும் அடிக்கசடைக் கிளறுன ஒடனே சல்பைடு வாயு வரும். நூறு பி.பி.எம்.ல (காத்துல பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) மூக்குக்கு வாடையே தெரியாம மரத்துப் போயிடும், "இப்ப நாத்தமில்லை, எறங்கலாம்"னு தோணும். அங்கதான் உயிர் போகுது. ஒருத்தரைத் தூக்கப் போன ரெண்டாவது ஆளும் சேர்ந்து போறது இதனாலதான். வெளியில நின்னே கசடு பம்பு வெச்சு எடுங்க. எறங்கியே ஆகணும்னா கேஸ் மீட்டர்ல ஆக்சிஜன் 19.5 சதத்துக்குக் குறையாம, சல்பைடு 10 பி.பி.எம்.முக்குக் கீழ, ப்ளோயர் ஓடிட்டே இருக்க, பெல்ட், ஆளைத் தூக்கற முக்காலி, மேல காவலுக்கு ஆள். இதுல ஒண்ணு கொறைஞ்சாலும் வேண்டாம்.

சுக்காம்பாறை:
மேட்டுக்காடு அண்ணன் சொன்னது சரி. நான் மண் பக்கம் வர்றேன்.

எல்லாரும் கலரைப் பார்த்துப் பயப்படறாங்க. கலர் சின்ன விசயம். ரியாக்டிவ் சாயத்துக்கு லிட்டருக்கு 30-ல இருந்து 80 கிராம் உப்பு போடணும். பழைய வின்ச் மெசின்ல துணி ஒரு கிலோவுக்குத் தண்ணி 15, 20 லிட்டர். உப்பு துணியில ஒட்டாது, போட்டது அத்தனையும் வெளிய வரும். அதனால அந்த எடத்துல முதல் நோய் சோடியம், குளோரைடு, சல்பேட். அடுத்தது உலோகம்: டர்க்காய்ஸ் சாயத்துல இருந்து செம்பு, மெட்டல் காம்ப்ளெக்ஸ் சாயத்துல குரோமியம். மூணாவதுதான் சாயத்தோட மிச்சம். 1997-க்கு முன்ன இருந்து ஓடுன பட்டறைன்னா, பின்னால தடை பண்ண அசோ சாயங்களும் சேத்துல இருக்கும். காத்துப்படாத சேத்துல அசோ பிணைப்பு அறுந்து கலர் போயிடும், அரோமாட்டிக் அமீன்ங்கற விச வேதிப்பொருள் நின்னுடும். தொட்டிச் சேறு கருப்பா, கலரே இல்லாம இருக்குதுன்னா சுத்தமா இருக்குதுன்னு அர்த்தம் இல்லை.

சாம்பிள் எடுக்கறதுக்கு முன்ன பழைய லே-அவுட்டைத் தேடுங்க. வின்ச் எங்க நின்னுது, வாய்க்கா எப்படிப் போச்சு, ஆத்துக்கு விட்ட பைப் எது. அங்கெல்லாம் 10 மீட்டருக்கு ஒண்ணு, மீதி எடத்துல 25 மீட்டருக்கு ஒண்ணு. ஆழம் 0-15, 15-30, 30-60, 60-100 சென்டிமீட்டர். அதுக்குக் கீழ சுக்காம்பாறை (சுண்ணாம்பு கலந்து இறுகுன பாறை) தட்டும், தட்டுன ஆழத்தை எழுதி வைங்க. வேலிக்கு வெளிய, ஆத்து மேற்பக்கத்துல, பட்டறைத் தண்ணியே படாத எடத்துல ரெண்டு சாம்பிள் கட்டாயம். அது இல்லைன்னா எது இந்தப் பட்டறையால வந்தது, எது நொய்யல் கரை முழுக்க இருக்கறதுன்னு சொல்ல முடியாது.

உலோகத்துக்கு பிளாஸ்டிக் டப்பா, அமீனுக்குக் கண்ணாடி ஜாடி, ஐஸ் பெட்டி. கெணத்துத் தண்ணில ஆறு இணைதிறன் குரோமியம் பார்க்கறதா இருந்தா 24 மணி நேரத்துக்குள்ள லேபுல ஓட்டணும். மத்த உலோகத்துக்கு நைட்ரிக் ஆசிட் விட்டு பி.எச். 2-க்குக் கீழ கொண்டு போகணும். இந்த ரெண்டையும் ஒரே பாட்டில்ல பிடிக்காதீங்க.

ரிப்போர்ட் வந்ததும் எல்லாரும் தடுமாறற எடம் ஒண்ணு இருக்குது. மண் பரிசோதனை நிலையத்துல இ.சி. (உப்பு அளவைக் காட்டற மின்கடத்து திறன்) பெரும்பாலும் 1:2.5 கரைசல்ல (மண்ணு ஒரு பங்கு, தண்ணி ரெண்டரைப் பங்கு) பார்ப்பாங்க. புஸ்தகத்துல "4-க்கு மேல போனா உவர்" அப்படீங்கறது நிறைசேற்றுக் கரைசல்ல (மண்ணு சேறாகற அளவுக்கு மட்டும் தண்ணி விட்டு) பார்த்த எண். ரெண்டும் வேற. நம்ம மணல் கலந்த செம்மண்ணுக்கு 1:2.5-ல 1.5 வந்தாலே உவர்தான். கையில இருக்கற 1.5-ஐ 4-டோட ஒப்பிட்டு "தப்பிச்சோம்"னு நெனச்சுடாதீங்க.

கரைவழி:
ரொம்ப நன்றிங்க அக்கா. ஜே.சி.பி.யை நிறுத்தியாச்சு. ஒரு சந்தேகம்: ஜிப்சம் போட்டுத் தண்ணி கட்டுனா உப்பு எறங்கிடும்னு எங்க ஊர்ல சொல்றாங்க. அது நடக்குமுங்களா?

வாய்க்காமேடு:
நடக்கும். உவர் நிலத்துக்கு எல்லாரும் பண்றதுதான். கேட்டயான் பரிமாற்றத் திறன் (சோடியம், கால்சியம் மாதிரி அயனிகளை மண்ணு பிடிச்சு வெக்கற அளவு) 15, அதுல சோடியம் 40 சதம்னு வெச்சுப் பார்ப்போம். 10 சதத்துக்குக் கொண்டு வரணும்னா 100 கிராமுக்கு 4.5 மில்லி ஈக்விவலண்ட் சோடியம் வெளிய போகணும். ஏக்கருக்கு 15 சென்டிமீட்டர் ஆழத்துல ஒவ்வொரு மில்லி ஈக்விவலண்டுக்கும் சுத்த ஜிப்சம் முக்கால் டன் போல. ஆக 3.4 டன். கடையில கெடைக்கறது 70 சதம் சுத்தம்னா 5 டன் வாங்கணும். மேலயே தூவி, ஒரு தடவை லேசா உழுது, தண்ணி கட்டி நிறுத்தணும். ஆழமாப் புதைக்கக்கூடாது. மண்ணாழத்துக்குச் சமமா தண்ணி எறங்குனா கரையற உப்புல முக்காவாசி போயிடும்.

சுக்காம்பாறை:
வாய்க்காமேடு தம்பி, கணக்கு சரி. தண்ணி எங்க போகும்?

வாய்க்காமேடு:
கீழ.

சுக்காம்பாறை:
கீழன்னா எங்க? அந்த எடத்துல நாலடிக்குக் கீழ சுக்காம்பாறை, அதுக்குக் கீழ சிதைஞ்ச பாறை, சரிவு ஆத்துப் பக்கம். எறங்குன தண்ணி பாறை மேல வழிஞ்சு கரையில கசிஞ்சு நொய்யலுக்கே போகும். ஏக்கருக்கு 30 சென்டிமீட்டர் தண்ணின்னா 1214 கன மீட்டர், 12 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரியில 100 லோடு. லிட்டருக்கு 10 கிராம் உப்பு கரைஞ்சு வந்தா 12 டன் உப்பு ஏக்கருக்கு. நெலத்துல நின்ன உப்பு ஆத்துக்குப் போச்சு, அவ்வளவுதான். நொய்யல்ல இருக்கற ஒரத்துப்பாளையம் அணை எப்படி ஆச்சுன்னு தெரியுமல்ல. 1990-கள் தொடக்கத்துல பாசனத்துக்குக் கட்டுன அணை, சாயத்தண்ணித் தேக்கமா மாறி, கீழ்ப்பக்க விவசாயிகள் வழக்குக்குப் போனதுதான் இந்த ஜீரோ டிஸ்சார்ஜ் (சொட்டுக் கழிவுத்தண்ணிகூட வெளிய விடக்கூடாதுங்கற) கதையே.

வயக்காட்டுல ஜிப்சம் சரி. வடிகால் போட்டு, வடிஞ்ச தண்ணியைப் பிடிக்க வழி இருந்தா சரி. ஆத்தோரம், உப்பு மூட்டையா கிடக்கற பட்டறை எடத்துல கடைசி வேலையாத்தான் அது வரணும், அதுவும் கசடையும் பேன் உப்பையும் அள்ளுனதுக்கு அப்புறம்.

வாய்க்காமேடு:
ஒத்துக்கறேனுங்க அக்கா. ஆனா சும்மா விட்டாலும் மழை எறக்கத்தான் செய்யும். வருசம் 650 மில்லிமீட்டர் மழைன்னா ஏக்கருக்கு 26 லட்சம் லிட்டர். அதுல ஒரு பங்கு எறங்கத்தானே செய்யுது?

சுக்காம்பாறை:
எறங்குது, அதனாலதான் மழைத் தண்ணி எறங்காம மேல மூடற மூடாக்கு முக்கியம். இன்னொரு கஷ்டமும் இருக்குது: கால்சியம் இல்லாம வெறும் மழைத் தண்ணி மட்டும் உப்பைக் கழுவுனா, மிச்சம் நிக்கற சோடியம் களிமண்ணைச் சிதற வெச்சு மேல்மண் இறுகி சிமெண்ட் தரை ஆயிடும். அப்புறம் தண்ணி எறங்காது, பக்கவாட்டுல ஓடும். வெள்ளைப் பூத்து, நடுவுல கருப்பா பிசினாட்டம் இருக்கற திட்டுகள் அப்படி ஆனதுதான். அந்தத் திட்டுகளுக்கு மட்டும் ஜிப்சம் போட்டு வைக்கலாம், தண்ணி கட்ட வேண்டாம்.

கசடுக்கணக்கு:
சோலார் பேனை மறந்துட்டோம். 600 சதுர மீட்டர். ஐப்பசியில ஒரே நாள் 100 மில்லிமீட்டர் பெஞ்சா 60,000 லிட்டர் உப்புத் தண்ணி, அஞ்சு லாரி. வரப்பு ஒடைஞ்சா நேரா ஆறு. அதனால மொத வேலையா, இன்னைக்கே, பேன் வரப்பை அரை அடி ஒசத்துங்க. உப்பை உலர்ந்திருக்கறப்பவே சுரண்டி உள்லைனர் போட்ட பிளாஸ்டிக் சாக்குல கட்டி ஷெட்டுக்குள்ள அடுக்குங்க. நாலு அங்குலம் படிஞ்சிருந்தா 60, 70 டன் வரும். இதைக் கசடோட கலக்காதீங்க. சிமெண்ட் ஆலைக்குக் கசடு அனுப்பலாம்னு போனா அவங்க முதல்ல பார்க்கறது குளோரைடு. குளோரைடு அதிகமிருந்தா அவங்க சூளை பிரீஹீட்டர்ல படிஞ்சு அடைச்சுடும், வாங்கவே மாட்டாங்க. உப்பு தனியா, கசடு தனியான்னா கசடுக்கு ஒரு வழி பொறக்கும். மிச்சம் கும்மிடிப்பூண்டி நிலநிரப்புக்குத்தான் போகணும்.

பேன் அடியில போட்ட சீட்டு கிழிஞ்சிருக்கும். எடுத்ததும் அடிமண்ணுல அஞ்சு எடத்துல சாம்பிள்.

வாய்க்காமேடு:
கேக்கறதுதான் கேக்கறோம், ஈரோடு காளிங்கராயன் வாய்க்கா ஓரம் மூடுன தோல்ஷாப் எடம் இருக்குதே, பி.பெ. அக்ரஹாரம் பக்கம். அதுக்கும் இதே மொறையா?

சுக்காம்பாறை:
இல்லை தம்பி, வேற கணக்கு. அங்க தோல் பதப்படுத்தற உப்பு, சுண்ணாம்புக் குழிச் சேறு, மூணு இணைதிறன் குரோமியம். சேத்துல மொத்தக் குரோமியம் எக்கச்சக்கமா வரும், ஆனா மூணு இணைதிறன் கரையாம உக்காந்திருக்கும். அதனால மொத்த எண்ணைப் பார்த்து முடிவு பண்ணக்கூடாது, ஆறு இணைதிறனைத் தனியாப் பார்க்கணும். கசிவுச் சோதனையில (கழிவுல இருந்து எவ்வளவு கரைஞ்சு வருதுன்னு பார்க்கறது) குரோமியம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் தாண்டுனா அபாயக் கழிவு.

அங்க செய்யவே கூடாதது தோல் துண்டையும் சேத்தையும் எரிக்கறது. சுண்ணாம்பு, காத்து, சூடு மூணும் சேர்ந்தா மூணு இணைதிறன் குரோமியம் ஆறு இணைதிறனா மாறிடும். சாதுவாக் கிடந்ததை நாமளே விசமாக்குன மாதிரி.

ஆறு இணைதிறன் இருந்தா பெரஸ் சல்பேட் போட்டு மூணு இணைதிறனா இறக்கலாம். ஒரு கிலோ குரோமியத்துக்கு வேதியியல் கணக்குல 16 கிலோ. மண்ணுல மத்ததும் இரும்பைத் தின்னும், அதனால ரெண்டு மூணு மடங்கு போடணும். முதல்ல ஒரு வாளி மண்ணுல போட்டுப் பார்த்துட்டு அப்புறம் எடத்துல. பி.எச். 9-க்கு மேல இருக்கற மண்ணுல இரும்பு குரோமியத்தைத் தொடறதுக்கு முன்னயே துருவாப் படிஞ்சுடும். தோல்ஷாப் எடத்துல பெரஸ் சல்பேட் தோத்துப் போறதுக்கு அதுதான் காரணம்.

மேட்டுக்காடு:
கரைவழி அண்ணனோட போர் பத்தி யாரும் பேசலையே. 600 அடி போர் வாய் தெறந்து கிடந்தா, மேல இருக்கற உப்பெல்லாம் நேரா ஆழப் பாறைப் பிளவுக்குப் போக அதுதான் தடம். மூடி போட்டு வெல்டு வெச்சா பத்தாது.

ஆறரை அங்குல போர், 183 மீட்டர்: கொள்ளளவு 3.9 கன மீட்டர். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர் தண்ணின்னா 41 லிட்டர் கூழ் வரும், முழுசா நிரப்ப 95 மூட்டை. கீழ்ப்பகுதிப் பிளவுல கூழ் தப்பிச்சுப் போகும்னா அடியில கழுவுன ஜல்லி போட்டு, மேல 150 அடிக்காச்சும் கூழ். குழாயை அடிவரைக்கும் எறக்கி கீழ இருந்து மேல நிரப்பிட்டே வரணும். மேல இருந்து ஊத்துனா நடுவுல பாலம் கட்டி அடியில காலியா நிக்கும். ஊத்தறதுக்கு முன்ன தண்ணி சாம்பிள் ஒண்ணு எடுத்து வெச்சுடுங்க, அப்புறம் கெடைக்காது. கெணத்தை மூடாதீங்க, கண்காணிக்க அது வேணும். வாய்க்கு கம்பிவலையும் சுத்துச்சுவரும் போதும்.

கெணத்துத் தண்ணியை எறைச்சு சுத்தம் பண்ணலாம்னு யாராச்சும் ஆர்.ஓ. விக்க வருவாங்க. சுத்திலும் அதே உப்புத் தண்ணிதான், எறைக்க எறைக்க ஊறும். ரிஜெக்டை (வடிகட்டுனது போக மிஞ்சற உப்புத் தண்ணியை) எங்க கொட்டறதுன்னு கேளுங்க, பேச்சு அங்கயே நின்னுடும்.

கரைவழி:
குடோன் தரைக்கு என்ன பண்றதுங்க? கான்கிரீட்டே மூடாக்கா ஆயிடுமல்ல?

கசடுக்கணக்கு:
ஆகும், ஆனா உப்பு கான்கிரீட்டைச் சாப்பிடும். சல்பேட் சிமெண்ட்டை ஊத வெச்சு வெடிக்க வைக்கும், குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ஈரம் கீழ இருந்து ஏறறதுதான் காரணம், அதை அறுக்கணும். கசடு, கறை புடிச்ச மேல்மண்ணெல்லாம் எடுத்ததுக்கு அப்புறம், 40 மில்லிமீட்டர் ஜல்லி ஒரு அடி, பொடியில்லாம. அதுமேல ஜியோ துணி, 1.5 மில்லிமீட்டர் எச்.டி.பி.இ. (தண்ணி புகாத பிளாஸ்டிக்) ஷீட், ஜாயிண்ட் வெல்டு, அப்புறம் மணல், தரை. ஜல்லிக்குப் பதிலா கிரஷர் டஸ்ட் அடிச்சுடுவாங்க, நின்னு பாருங்க. டஸ்ட் ஈரத்தை மேல இழுக்கும்.

அஸ்திவாரக் குழி மண்ணுல சல்பேட், குளோரைடு பார்த்து இன்ஜினீயர்கிட்ட கொடுங்க. சிமெண்ட் வகையும் கம்பிக்கு மேல விடற கவரும் அதை வெச்சுத்தான் முடிவாகும். கூரைத் தண்ணியைத் தரைக்கு விடாம பைப்ல பிடிச்சு வெளிய கொண்டு போயிடுங்க. சுவர் ஓரத்துல எறங்கற தண்ணி மூடாக்கையே வீணாக்கிடும்.

பழைய சிமெண்ட் சீட்டு ஆஸ்பெஸ்டாஸ். ஒடைக்காம, நனைச்சு, போல்ட்டைக் கழட்டி முழுசா எறக்கணும், பாலித்தீன்ல சுத்தி லேபிள் ஒட்டணும். மாட்டுக் கொட்டாய்க்குக் கேட்டா கொடுக்காதீங்க.

சுக்காம்பாறை:
மரம் பத்தி. வெட்டிவேர் வெச்சா உப்பை உறிஞ்சிடும்னு பேச்சு ஓடுது. அது கரையைப் பிடிக்கும், மண்ணரிப்பைத் தடுக்கும், அதுக்கு அருமை. டன் கணக்குல இருக்கற உப்பை இழுக்காது. முதல் மூணு வருசத்துக்குக் கொழுக்கட்டைப் புல், ஓரத்துல கிளுவை வேலி, நடுவுல வெள்வேல். காங்கேயம் கொரங்காட்டுல (மேய்ச்சல் நெலத்துல) இருக்கற அதே கூட்டணி, காஞ்ச மண்ணுக்குப் பழகுனது. ஆனா உலோக ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அங்க மாடு ஆடு மேய விடாதீங்க. தென்னை, வாழை எல்லாம் அப்புறம் பேசலாம். சீமைக்கருவேலம் தானா வரும், அதைக் கணக்குல எடுக்க வேண்டாம்.

கசடுக்கணக்கு:
காகிதம் ஒரு வார்த்தை. திருப்பூர்ல மாசுக் கட்டுப்பாட்டு போர்டு ஆபீஸ் வடக்கு, தெற்குன்னு ரெண்டு. உங்க சர்வே நம்பர் எதுல வருதுன்னு பார்த்து மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குத் திட்டத்தோட எழுதிக் கொடுங்க. அனுமதி வாங்காம ஒரு லோடு கூட நகரக்கூடாது. ஒவ்வொரு லோடுக்கும் படிவம் 10 (கழிவு எங்கிருந்து எங்க போகுதுங்கற சீட்டு), ஏழு நகல். மூட்டையில படிவம் 8 லேபிள். டிரைவர் கையில படிவம் 9 அவசரக் குறிப்பு. எடுத்த கழிவை 90 நாளுக்கு மேல வெச்சுக்கக் கூடாது, அதனால அள்ளற தேதியும் வண்டி தேதியும் முன்னயே பொருந்தணும். எடைச்சீட்டு ரெண்டு பக்கமும் வாங்குங்க. 2025 ஜூலையில மத்திய அரசு மாசுபட்ட இடங்களுக்குன்னே தனி விதி கொண்டு வந்திருக்குது, அதுல உங்க எடம் வருமான்னு அதே ஆபீஸ்லயே கேட்டுடுங்க. ஆத்தோரம்கறதால எஃப்.எம்.பி. (சர்வே புல அளவு) வரைபடம் வெச்சு புறம்போக்கு எல்லையை முதல்ல அளந்துக்கோங்க. கரைச் சரிவுல பொதைச்ச கசடு இருந்து, அது அரசு நெலத்துல இருந்தா, நீங்களாவே தோண்டக்கூடாது.

கரைவழி:
எந்த மாசத்துல ஆரம்பிக்கலாமுங்க?

மேட்டுக்காடு:
தோண்டற வேலை தையில இருந்து சித்திரைக்குள்ள. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து, தூசி நிக்காது. ஐப்பசி, கார்த்திகையில மழை. அதுக்கு முன்ன இருக்கற மாசத்துல சாம்பிள், பேரல் கணக்கு, பேன் வரப்பு, போர்டு லெட்டர். சித்திரைக்குள்ள முடியலைன்னா தோண்டுன குழியைத் தார்ப்பாய் போட்டு மூடிட்டு நிறுத்திடுங்க, அரைகுறையா ஆடிக்குள்ள இழுக்காதீங்க. போர் அடைக்கறதை மட்டும் எப்ப வேணாலும் பண்ணலாம்.

கரைவழி:
சரிங்க அண்ணா. வரப்பு ஒசத்த நாளைக்கு ஆள் சொல்லியாச்சு. லே-அவுட் கெடைச்சதும் சாம்பிள் எடம் குறிச்சு இங்கயே போடறேன், அக்கா பார்த்துச் சொல்லுங்க.

சுக்காம்பாறை:
போடுங்க. ஆத்துக்குப் போன பைப் வாய் எங்கன்னு அதுல கட்டாயம் குறிங்க. அதுக்கு நேர் கீழ கரைச் சரிவுல மூணு ஆழத்துல தனி சாம்பிள் வேணும்.